சகலை மெச்சிய ஆயில் கூலர்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு தெரு. அதில் எதிரெதிராக இரண்டு வீடுகள். இந்தப் பக்கத்து வீட்டு போர்வெல்லில் உப்புத் தண்ணீர். அந்தப் பக்கத்து வீட்டுப் போரில் கல்கண்டு. நடுவில் இருப்பது இருபதடி மண் ரோடுதான். உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன், கல்கண்டு வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன். அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அவர்கள் வீட்டு வழக்கில் ஷட்டகர், ஊர் வழக்கில் சகலை.

ஸ்ரீநிவாசராகவன் என்று ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொன்னால் கதை முடிவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ராகவன் என்றே வைத்துக்கொள்வோம். கோட்டையில் செக்‌ஷன் ஆபீசர், நெற்றியில் மெல்லிசாக ஒரு ஸ்ரீசூர்ணம், கெட்ட பழக்கம் என்று ஒன்றும் கிடையாது. பொறாமையைப் பழக்கத்தில் சேர்க்கக் கூடாது என்றால்.

அதுவும் ஊர் உலகத்தின் மேலெல்லாம் இல்லை. சகலை ஒருத்தர் மேல் மட்டும்தான். ஸ்ரீரங்கனுக்கு நல்ல குரல், நல்ல உயரம். பாங்கில் மானேஜர். நான்கு பேர் நடுவில் எப்போது சிரிக்க வேண்டும், எப்போது சிரிக்கக் கூடாது என்று தெரிந்த மனுஷர். மாமியார் சின்ன மாப்பிள்ளை வீட்டில்தான் இருப்பேன் என்று இருந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் போனால் முன்வரிசையில் அவருக்கு யாராவது நாற்காலி இழுத்துப் போடுவார்கள். இவருக்கு இவரே தேடிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ராகவன் பதினெட்டு வருஷமாக ஒன்று விடாமல் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

உப்புத் தண்ணீரும் இந்தச் சங்கதியில் வந்ததுதான். வீடு கட்டுகிற காலத்தில் ஸ்ரீரங்கன், "ஈசான மூலையில போடுங்கோ அண்ணா, அங்கே ஊத்து நன்னா இருக்கும்னு தோண்றது" என்றார். ஸ்ரீரங்கன் சொல்லி ராகவன் கேட்பதா? அக்னி மூலையில் போட்டார். வாயில் வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் மனைவி வேதா தினமும் காலையில் எதிர்வீட்டுக்குப் போய் இரண்டு குடம் கொண்டுவருகிறாள். அந்தத் தண்ணீரில் போட்ட காப்பி ராகவனுக்கு நாக்கில் ருசியாகவும் வயிற்றில் எரிச்சலாகவும் இறங்கும்.

இத்தனையிலும் ராகவனிடம் இருந்து ஸ்ரீரங்கனிடம் இல்லாத பொருள் ஒன்றே ஒன்று உண்டு. அதுதான் ஆயில் கூலர்.

இரண்டு பேரிடமும் அம்பாசிடர்தான், இரண்டுமே டீசல்தான். ஸ்ரீரங்கனுடையது வெள்ளை. ராகவனுடையது கறுப்பு; குன்னூரில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. அந்த மனுஷர் மலை ஏறுவதற்காகப் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் என்ஜின் ஒன்றை வைத்து, முன்னால் ஒரு கூலரையும் மாட்டியிருந்தார். பார்க்கச் சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். என்ஜினுக்குள் சுற்றிச் சூடான எண்ணெய் இரண்டு குழாய் வழியாக இதற்குள் வந்து, காற்றில் ஆறி, திரும்ப உள்ளே போகும். தாம்பரத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். பக்கத்தில் மலை என்றால் குன்றத்தூர், அதற்கும் படி இருக்கிறது. ஆனால் ராகவனிடம் அப்படிக் கேட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர்கள் இல்லை. பால்காரர், போஸ்ட்மேன், எல்ஐசி ஏஜெண்ட் எல்லோரும் பானெட் பக்கம் நின்று அரைமணி நேரம் கேட்டவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவைப் பார்க்க வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கூலரின் மடிப்பு மடிப்பாகத் துடைப்பார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டேதான் துடைப்பார்.

ஸ்ரீரங்கன் ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் தை மாதம், வேளச்சேரி ரோட்டில் வரும்போது அந்தக் கறுப்பு வண்டி கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. கூலரைத் துடைத்த மனுஷர் எண்ணெய் அளவை மட்டும் பார்க்கவில்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டில் சவுரிமுத்துவின் ஷெட்டில் விட்டார்கள். தெருவில் இரண்டு அம்பாசிடருக்கும் அவன்தான் மெக்கானிக். பிரித்துப் பார்த்துவிட்டு, என்ஜின் உள்ளே பேரிங் எல்லாம் அரைபட்டுப்போய்விட்டது, இனிமேல் வேறு என்ஜின்தான் என்றான்.

வண்டி ஷெட்டில் கிடந்த அந்த வாரம்தான் குமுதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். ராகவனுக்கு ஒரே பெண். செங்கல்பட்டுக்காரர்கள், எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரத்தில் வந்து இறங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வெள்ளை அம்பாசிடர் போயிற்று. அதை ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கன் போனார். வழியிலேயே பிள்ளையின் அப்பாவோடு சிநேகமாகி, வீட்டுக்குள் வரும்போது இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். ராகவன் வாசலில் கும்பிட்ட கும்பிடு பாதியில் நின்றது. பெண்ணைப் பிடித்துப்போய், கிளம்புகிற நேரத்தில் பிள்ளையின் அப்பா ஸ்ரீரங்கனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு எங்காத்துக்கு வர்றது எங்க பாக்கியம்" என்றார்.

"பொண்ணுக்கு அப்பா அண்ணாதான்" என்று ஸ்ரீரங்கன் ராகவனை முன்னால் இழுத்து நிறுத்தினார். "நான் சித்தப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். ராகவனும் பல்லைக் காட்டினார். தப்பைத் திருத்தியதும் அவராகவே இருந்துவிட்டதில்தான் ராகவனுக்கு வயிறு எரிந்தது. பெற்ற பெண்ணுக்குத் தகப்பன் என்கிற பட்டத்தையும் சகலை கையால் வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டதே.

பிள்ளையின் தாத்தா படுத்த படுக்கை. அவர் கண் முன்னால் நடக்கட்டும் என்று நிச்சயதார்த்தத்தைச் செங்கல்பட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். நான்கு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் லக்னப் பத்திரிகை வாசித்துவிட வேண்டும். நாள் குறித்த அன்றைக்கே ராகவன் வேதாவிடம் சொல்லிவிட்டார்.

"என் வண்டியிலதான் போறோம். நான் ஓட்டிண்டு போறேன். அவாத்து வாசல்ல மொதல்ல எறங்கறது நானாத்தான் இருக்கணும். உன் தங்கை ஆத்துக்காரர் பின்னாடி வரட்டும்."

"வண்டிதான் படுத்துண்டிருக்கே" என்றாள் வேதா.

"எழுப்பிடறேன்" என்றார்.

சவுரிமுத்து பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் இரண்டு நாள் அலைந்து, அதே ரகத்தில் ஒரு ஜப்பான் என்ஜின் கொண்டுவந்தான். ராகவன் ஷெட்டுக்குப் போனபோது பழைய என்ஜின் தரையில் கிடந்தது. கூலர் மட்டும் பெஞ்சின் மேல் ஒரு சாக்கில் தனியாக இருந்தது.

"இன்ஜின் சோக்காக் கீது சார். நாலு நாள்ல ஏத்திடலாம்" என்றான் சவுரிமுத்து. "ஆனா இந்தக் கூலரு வாணாம்."

"ஏன் வாணாம்?"

"பழைய இன்ஜின்ல பேரிங்கு அரஞ்சி தூள் தூளா பூட்ச்சி சார். அந்தத் தூளு எங்க போவும்? எண்ணெயோட சுத்திகினு வந்து இதுக்குள்ள தங்கிகினு கீது. உள்ள பூரா மடிப்பு. எத்தினி தபா மண்ணெண்ண ஊத்திக் கழுவனாலும் ஒட்டுக்கா வராது. இத்த அப்டியே புது இன்ஜின்ல மாட்னா, ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமா கயண்டு வந்து இந்த பேரிங்கையும் தின்னுடும். தூக்கிக் கடாசிட்டு பைப்ப நேரா ஜாயின் பண்ணிடறேன். நம்ம ரோட்டுக்குக் கூலரே தேவல்ல. இன்னா சொல்ற?"

மெக்கானிக் சொல்கிற நியாயம் ராகவனுக்குப் புரிந்தது. சாக்கில் கிடந்த கூலரைப் பார்க்கத்தான் முடியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்து, வேதாவிடம் விஷயத்தை விவரித்து அவளுக்கும் அதே பதிலைச் சொன்னார். கழற்றச் சொல்லிவிடலாம் என்றுதான் முக்கால் மனசு. கல்யாணக் காரியத்தில் விளையாடக் கூடாது என்கிற புத்தி அவருக்கு இல்லாமல் இல்லை.

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனால் ஸ்ரீரங்கன் அங்கே நின்றுகொண்டிருந்தார். பெஞ்சின் முன்னால், கூலரையே பார்த்துக்கொண்டு.

ராகவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இதிலும் வந்துவிட்டாரா யோசனை சொல்ல? கழற்று என்று சொல்லப்போகிறார். அவர் கழற்று என்று சொன்னால் பிறகு கழற்றவே முடியாதே.

"வாங்கோ அண்ணா" என்றார் ஸ்ரீரங்கன். வலது கை மோதிரத்தை இடது கையால் திருகிக்கொண்டே இருந்தார். "சவுரிமுத்து சொன்னான். இதைக் கழட்டறதுங்கற பேச்சே கூடாது. எப்படியாவது வச்சுக்கோங்கோ."

சவுரிமுத்து திரும்பினான். "இன்னா சார், நீயே இப்டி…"

"நீ கொஞ்சம் சும்மா இரு, சவுரி" என்றார் ஸ்ரீரங்கன். மோதிரம் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. "இது எங்கே கிடைக்கும் அண்ணா? நம்ம வண்டியில இந்த மாதிரி ஒண்ணு இல்லையேன்னு நான் எத்தனை நாள் ஜன்னலண்டை நின்னு பாத்திருக்கேன் தெரியுமா? சொல்லிக்க வெக்கம். அதான் சொல்லலை."

ராகவனுக்குக் காது குளிர்ந்தது. கால் தரையில் இருக்கிறதா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. சகலை 'வை' என்றால் 'கழற்று' என்பதுதான் பதினெட்டு வருஷப் பழக்கம். அந்தப் பழக்கம் இப்போதும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் 'நம்ம வண்டியில இல்லையே' என்கிற அந்த ஒரு வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஜன்னலண்டை நின்று பார்த்தாராம். இந்த மனுஷருக்கு என் மேல் பொறாமை. அடடா. பொறாமைப்படுகிற வேலை முழுவதையும் இத்தனை வருஷம் தானே தனியாகச் செய்துகொண்டிருப்பதாக அல்லவா நினைத்திருந்தார். சகலை பொறாமைப்படுகிற ஒரே பொருளைத் தன் கையாலேயே கழற்றிக் குப்பையில் போட்டால் தன்னைவிட முட்டாள் தாம்பரத்தில் உண்டா?

"சவுரிமுத்து, கூலர் இருக்கட்டும்" என்றார்.

ஸ்ரீரங்கன் மோதிரத்தைத் திருகுவதை நிறுத்திவிட்டார். வாய் சற்றுத் திறந்தபடி நின்றது. வயிற்றெரிச்சல் என்று ராகவன் எடுத்துக்கொண்டார்.

சவுரிமுத்து தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ராகவன் நிற்க நிற்க, மூன்று தடவை மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கிக் கழுவினான். முதல் தடவை கறுப்பாக வந்தது, இரண்டாம் தடவை கலங்கலாக வந்தது, மூன்றாம் தடவை சுத்தமாக வந்தது.

"பாத்தியா, பளிங்கு மாதிரி வருது" என்றார் ராகவன்.

"வெளிய வர்றது தெரியுது சார். உள்ள கீறது தெரியலியே. நாளப்பின்ன என்னாண்ட வந்து பேஜார் பண்ணக் கூடாது."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது வேதா கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

"ஏன்னா, அவர் சொன்னா நீங்க என்னிக்குக் கேட்டிருக்கேள்?"

"இன்னிக்குக் கேட்டேன். பெரியவன் நான், எனக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தெரியும்" என்றார் ராகவன்.

வேதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தாள். பெண் பிறந்த அன்றைக்குப் பார்த்தது அந்த முகம். குழம்பிலிருந்து கரண்டியை எடுத்தாள்.

மறுநாளே ஸ்ரீரங்கன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கை இரண்டும் சும்மா இருந்தன.

"அண்ணா, நான் நேத்து சொன்னது தப்பு. ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். சவுரிமுத்து சொல்றதுதான் சரி. கழட்டிடுங்கோ. நிச்சயதார்த்தம் இருக்கு."

ராகவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஒரே ராத்திரியில் பொறாமை முற்றிவிட்டது. தன்னிடம் இல்லாதது எதிர்வீட்டிலும் இருக்கக் கூடாது என்கிற இடத்துக்கு வந்துவிட்டார் சகலை. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனம் கெட வேண்டும் என்பார்களே, அந்த ரகம். ராகவனுக்கு அந்த ரகம் உள்ளும் புறமும் தெரிந்ததுதான்.

"நீர் சொன்ன முதல் வார்த்தைதான் எனக்கு வேதவாக்கு" என்றார்.

என்ஜின் ஏறிற்று, கூலரும் ஏறிற்று. அடுத்த மூன்று வாரம் ராகவன் வாழ்ந்த வாழ்வை அவர் கல்யாணமான புதிதில்கூட வாழ்ந்ததில்லை. மார்க்கெட் வரைக்கும் போய்க் கீரை வாங்க வண்டியை எடுத்தார். திரும்பி வரும்போது எதிர்வீட்டின் முன்னால் மட்டும் வேகத்தைக் குறைத்தார். வேதா கொண்டுவந்த தண்ணீரில் போட்ட காப்பி முதல் தடவையாக வயிற்றில் குளிர்ந்து இறங்கியது. எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரத்தில் கொஞ்சம் கீழே நின்றது. மூன்றாம் வாரத்தில் இன்னும் கீழே. முள்தானே, வயசானால் சோம்பல் என்று நினைத்துக்கொண்டார். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணுக்கு முள் எங்கே தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினார்கள். முன்னால் கறுப்பு வண்டி, ராகவன் பட்டு வேஷ்டியோடு ஸ்டியரிங்கில். பக்கத்தில் மாமியார். அன்றைக்கு மட்டும் பெரிய மாப்பிள்ளை வண்டியில் வர வேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவாகியிருந்தது. பின்சீட்டில் வேதாவும் குமுதாவும். பின்னால் வெள்ளை வண்டியில் ஸ்ரீரங்கனும் அவர் மனைவி கோமளாவும் சீர்த்தட்டுகளும். வண்டலூர் தாண்டி, கூடுவாஞ்சேரி தாண்டி, எல்லாம் ஜோராகப் போயிற்று. கண்ணாடியில் வெள்ளை வண்டி பின்னால் பவ்யமாக வந்துகொண்டிருப்பதை ராகவன் நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

பொத்தேரியில், காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தருகே, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ராகவன் அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு பர்லாங் ஓட்டினார். அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. வேளச்சேரி ரோட்டில் கேட்ட அதே கடகட. ஒரு பெரிய முக்கலோடு வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். டொக் என்றது, அவ்வளவுதான்.

மணி எட்டு இருபது. வேப்ப மரத்தடியில் எல்லோரும் இறங்கினார்கள். கூலர் கிரில்லுக்குப் பின்னால் பளபளவென்று இருந்தது. ஸ்ரீரங்கன் ஓடிவந்து பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளக்கிற குச்சியை உருவிப் பார்த்தார். விரலில் தடவி வெயிலில் காட்டினார். எண்ணெயில் பேரிங் தூள் ஜிகினா மாதிரி மின்னியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில்தான் ராகவனுக்கு வெடித்துக்கொண்டு வந்தது.

"நீர் சொல்லித்தானே ஓய் வச்சேன்" என்றார். "எதிர்வீட்டுக்காரன் நன்னா இருந்தா உமக்குப் பொறுக்கலை. கழட்ட இருந்தவனை வந்து கெடுத்தீர். என் பொண்ணு நிச்சயத்தன்னிக்கு என்னை நடுரோட்டுல நிறுத்தியாச்சு. திருப்தியா?"

ஸ்ரீரங்கன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமியார் வேறு பக்கம் பார்த்தாள். வேதாதான் முன்னால் வந்தாள்.

"அவரைச் சொல்லாதீங்கோ. அவரைச் சொல்லச் சொன்னது நான்."

"என்ன?"

"அன்னிக்கு நீங்க நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேளே. எனக்கு பயமா இருந்தது. இவர் காதுல விழுந்தா, தங்கமான மனுஷர், நேரே வந்து கழட்டிடுங்கோ அண்ணான்னு சொல்லுவார். அவர் சொல்லிட்டா நீங்க கழட்ட மாட்டேள். போர் போட்ட கதை எனக்குத் தெரியாதா? அதனால தண்ணிக்குப் போனப்போ அவர்கிட்ட கேட்டுண்டேன். வச்சுக்கோங்கோன்னு சொல்லுங்கோ, எங்காத்துக்காரர் உடனே கழட்டிடுவார்னு. அவர் மாட்டேன்னுட்டார். கோமளாவும் நானும் கெஞ்சித்தான் அனுப்பினோம். அவருக்குப் பொய்யே வராது. சொன்னா மோதிரத்தைத் திருகுவார்னு கோமளா கல்யாணமான நாளா சொல்லிண்டிருக்கா."

ராகவன் சகலையின் கையைப் பார்த்தார். எண்ணெய் பட்ட விரலில் மோதிரம் அசையாமல் இருந்தது.

"அப்போ ஜன்னலண்டை நின்னு…"

"ஏன்னா, அது நான் சொல்லிக் கொடுத்தது" என்றாள் வேதா.

என்ஜின் போனது போகட்டும். இன்னொரு என்ஜின் புதுப்பேட்டையில் கிடைக்கும். மூன்று வாரமாக ராகவன் நெஞ்சுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த அந்தப் பொறாமை, சகலை தன் மேல் பட்ட பொறாமை, அது எங்கேயும் இல்லை. இருந்ததே இல்லை. தன் பொறாமை ஒன்றுதான் இருந்தது. அதுவும் தெருவுக்கே தெரிந்த சமாசாரமாக இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீருக்கு எதிர்வீட்டுக் குடம் என்று ஏற்பாடு பண்ணிக்கொண்ட மாதிரி, இவர் பொறாமைக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். குமுதா அப்பாவைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"அண்ணா, மணியாறது" என்றார் ஸ்ரீரங்கன். வெள்ளை வண்டியின் சாவியை நீட்டினார். "நீங்க ஓட்டிண்டு போங்கோ. எல்லாரும் ஏறினா அஞ்சு பேர், தாராளமா போகலாம். நான் இங்கே வண்டியண்டை இருக்கேன். எஸ்டிடி பூத்துலேர்ந்து சவுரிமுத்துக்குப் போன் பண்றேன். ஷெட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லிடுவார்."

"நீர் வராம எப்படி?"

"பொண்ணுக்கு அப்பா போனா போறும் அண்ணா."

சாவியை வாங்கும்போது அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ராகவன் தேடினார். ஒரு ஏளனம், ஒரு கெட்ட சந்தோஷம், எதுவானாலும் போதும். ஒன்றும் இல்லை. வண்டியைக் கிளப்பிக் கண்ணாடியில் பார்த்தார். மரத்தடியில், பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நின்றுபோன வண்டிக்குக் காவலாக நின்றார் சகலை. அப்படி நின்றதிலும் ஒரு அழகு இருந்தது. அந்த மனுஷருக்கு யார் மேலேயும் பொறாமை கிடையாது. வீடு, குரல், கல்கண்டுத் தண்ணீர் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். இதை மட்டும் ராகவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்பதரைக்குச் செங்கல்பட்டு. வாசலில் முதலில் இறங்கியவர் ராகவன்தான். பிள்ளையின் அப்பா இரண்டு கையையும் பிடித்து அழைத்துப்போனார், முன்வரிசையில் உட்காரவைத்தார். பத்து மணிக்கு லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். படுக்கையில் இருந்த தாத்தா குமுதாவின் தலையில் கை வைத்தார். ராகவன் கேட்டதெல்லாம் கேட்டபடியே கிடைத்தது. நடுவில் பிள்ளையின் அப்பா ஒரு தடவை குனிந்து, "உங்க ஷட்டகர் எங்கே காணோம்? அவர் இருந்தா கலகலன்னு இருக்கும்" என்றார்.

"வழியில என் வண்டி நின்னுடுத்து" என்றார் ராகவன். "அவர் அதுக்குக் காவலா நிக்கறார். நாங்க வந்தது அவர் வண்டியிலதான்."

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும் பெண்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வாங்கிக்கொண்டு தனியாகப் பொத்தேரிக்குத் திரும்பினார். மணி ஒன்று இருக்கும். ஸ்ரீரங்கன் மரத்தடியில் சவுரிமுத்துவின் டூல் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். வேஷ்டியில் முழங்கால் வரை கிரீஸ். சவுரிமுத்து கூலரைக் கழற்றி, ரம்பத்தால் குறுக்கே இரண்டாக அறுத்து வைத்திருந்தான்.

"பாரு சார்" என்றான். உள்மடிப்பில் கறுப்பு மை மாதிரி அப்பியிருந்தது. அதில் தூள் மின்னியது. "மூணு தபா கழுவனமே, எங்க கீது பாரு. உன் கண்ணால பாக்கணும்னுதான் அறுத்தேன்."

ராகவன் பார்த்தார். பிறகு தூக்கைச் சகலையிடம் கொடுத்தார். பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஸ்ரீரங்கன் தயிர்சாதம் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தார். அவர் கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்ததும் கேட்டார்.

"ரங்கன், ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லும். அன்னிக்கு ஷெட்டுல பேசினது வேதா சொல்லிக் கொடுத்தது. சரி, அதை விடும். ஆனா இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது, ஒரு நிமிஷமாவது, இது நம்ம வண்டியில இல்லையேன்னு உமக்குத் தோணித்தா?"

ஸ்ரீரங்கன் அறுத்துப் போட்ட கூலரைப் பார்த்தார். ரோட்டில் போன லாரியைப் பார்த்தார்.

"தோணித்து அண்ணா" என்றார். "ரெண்டு மூணு தடவை தோணித்து."

இடது கை, வலது கை மோதிரத்தை மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தது.

ராகவன் அந்த மோதிரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோணியிருக்கும்" என்றார். "நல்ல கூலர்."

சவுரிமுத்துவிடம் சாக்கை வாங்கி, அறுத்த இரண்டு துண்டையும் தன் கையாலேயே எடுத்து அதில் போட்டுக்கொண்டார்.